நாட்டுக்கோழிக்கு மரியாதை... நாட்டு மரத்துக்கு?

நகரத்தில் 'நாட்டு' என்ற சொல்லுக்கு இப்போது நல்ல மார்க்கெட். நாட்டுக்கோழி முட்டை என்றால் விலை கேட்காமல் வாங்குகிறோம். நாட்டுச் சர்க்கரை, நாட்டு மாட்டுப் பால், நாட்டுத் தக்காளி... முன்னால் அந்த ஒரு வார்த்தை இருந்தால் போதும், பர்ஸ் தானாகத் திறந்துகொள்கிறது.

அதே ஆசாமி வீடு கட்டும்போது மரக்கடைக்குப் போகிறார். கடைப் பையன் ஒரு பலகையைத் தட்டிக் காட்டி, "இது நாட்டு மரம் சார். நல்லா இருக்கும், விலையும் கம்மி" என்கிறான். நம்மவர் முகம் சுளிக்கிறார். "அதெல்லாம் வேணாம்பா... தேக்கு காட்டு!"

கோழிக்குப் பெருமையாக இருக்கிற 'நாட்டு', மரத்துக்கு மட்டும் எப்படிக் கேவலமாகிப் போனது?

அந்த ஆசாமி யாரென்று தேட வேண்டாம். நீங்கள்தான். நானும்தான்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் மேல் கல்லெறிகிறவன் தன் வீட்டுக் கண்ணாடியையும் காட்டத்தானே வேண்டும்?

2016 டிசம்பர் 12. வர்தா புயல் அடித்த நாள். செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாகை மரம் இருந்தது. தாத்தா காலத்து மரம். சாயங்காலம் பார்த்தால் வேரோடு சாய்ந்து, பக்கத்து வீட்டுச் சுவர்மேல் தலை வைத்துப் படுத்திருந்தது. அன்றைக்கு வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டுமே ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. எங்கள் மரத்துக்காக அழ யாருக்கு நேரம்? கரன்ட் இல்லை, தண்ணீர் இல்லை. விறகுக்காரர் ஒருவர் வந்தார். "மரத்தையும் குடுத்து, மேல மூவாயிரமும் குடுங்க சார், சுத்தமா எடுத்துடறேன்" என்றார். கும்பிட்டுக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் துண்டு துண்டாக அறுத்து, மினி லாரியில் ஏற்றிச் செங்கல் சூளைக்குக் கொண்டுபோய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து அதே வீட்டைப் புதுப்பித்தோம். வாசல் நிலையும் கதவும் தேக்கில்தான் வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஒரு கடையில் கன அடி இரண்டாயிரத்து ஐந்நூறு என்று வாங்கி வந்து இறக்கினேன். திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து வந்த ஆசாரி, வயதானவர், சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். பிறகு கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இங்க ஒரு வாகை நின்னுதே... எங்க அது?"

"புயல்ல போயிடுச்சு ஆசாரியாரே. வெறகுக்குக் குடுத்துட்டோம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இழைப்புளியை எடுத்து இழைக்க ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமலே, "வைரத்தை வெறகுக்குப் போட்டுட்டு, வெள்ளைய வெல குடுத்து வாங்கியிருக்கீங்க" என்றார்.

நான் பி.காம். படித்தவன். லாப நஷ்டக் கணக்கை அந்த ஒரு வரியில் சொன்ன ஆடிட்டரை இதுவரை பார்த்ததில்லை.

அவர் சொன்னது என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முற்றிய தேக்கையோ வாகையையோ குறுக்கே அறுத்துப் பாருங்கள். நடுவில் கருத்த பகுதி இருக்கும்; அதுதான் வைரம். சுற்றிலும் வெளுத்த பகுதி. ஆசாரிகள் அதை 'வெள்ளை' என்பார்கள். மரம் உயிரோடு இருக்கும்போது தண்ணீர் ஏறுகிற வழி அது. அதில் மாவுச்சத்து இருக்கும். வண்டுக்கும் கரையானுக்கும் அது விருந்து. வைரத்தில்தான் பூச்சியை விரட்டுகிற சத்துகள் சேர்கின்றன. வைரம் பாய வருஷம் ஆகும். 'வைரம் பாய்ந்த கட்டை' என்று கிழவர்களைச் சொல்கிறோமே, சும்மாவா சொன்னார்கள்?

நாம் 'தேக்கு' என்று வாங்குவதில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? இயற்கையாகத் தேக்கு வளர்கிற நாடுகள் நாலுதான்: இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ். ஆனால் கடையில் கிடைப்பது கானா, ஐவரி கோஸ்ட், பனாமா, கோஸ்டாரிகா, ஈக்வடார் என்று உலக வரைபடமே கிடைக்கும். எல்லாம் தோட்டத்தில் நட்டு வளர்த்த தேக்கு. அதிலே முற்றியதும் உண்டு. இருபது வயதுகூட ஆகாமல் வெட்டிக் கப்பல் ஏற்றியதும் உண்டு. பின்னதில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். அதுவும் தேக்குதான், பொய் இல்லை. பத்து மாதக் குழந்தையும் மனிதன்தான். அதற்காக மூட்டை தூக்கச் சொல்ல முடியுமா?

என் வாசல் நிலையின் ஒரு ஓரத்தில் மூன்றாவது வருஷமே மாவு கொட்ட ஆரம்பித்தது.

சரி, இந்தத் தேக்கு மோகம் எப்படி வந்தது?

தேக்கு நல்ல மரம். அதை மறுத்தால் எனக்குத்தான் அவமானம். மழையில் ஊதாது, வெயிலில் வெடிக்காது, உளிக்கு இணங்கும், எண்ணெய்ப் பசை இருப்பதால் இரும்பு ஆணியைக்கூட அரிக்க விடாது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது பர்மாத் தேக்கு; காட்டில் தலைமுறை தலைமுறையாக நின்ற மரம். அந்தப் பெயரை வைத்துத்தான் இன்றைக்கும் வியாபாரம் நடக்கிறது. மியான்மர் 2014 ஏப்ரலோடு உருண்டைக் கட்டை ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. பெயர் மட்டும் இன்னும் கப்பல் ஏறிக்கொண்டிருக்கிறது.

இந்த மோகத்துக்கு நாம் ஏற்கெனவே ஒரு தடவை பெரிய விலை கொடுத்திருக்கிறோம். தொண்ணூறுகளில் 'தேக்கு யூனிட்' என்று ஒன்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்குச் சில ஆயிரம் கட்டினால் இருபது வருஷத்தில் லட்சக்கணக்கில் வரும் என்றார்கள். கலர் கலராக விளம்பரம். சென்னையின் அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998-ல் கவிழ்ந்தபோது ஆயிரக்கணக்கான நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பு முடங்கியது. அப்படி ஏகப்பட்ட கம்பெனிகள் இருந்தன. 1999-ல்தான் செபி இந்த மாதிரித் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. என் அப்பாவும் ஒரு கம்பெனியில் போட்டார். எது என்று சொல்லப்போவதில்லை. பத்திரம் இன்னும் பீரோவில் இருக்கிறது. மரம்தான் எங்கே என்று தெரியவில்லை. அப்பா சம்பாதித்த காசில் தேக்கு கனவு. பிள்ளை சம்பாதித்த காசில் தேக்கு வெள்ளை. பரம்பரைச் சொத்து!

இப்போது கொஞ்சம் கிழக்கே வாருங்கள். மாமல்லபுரம்.

ஐந்து ரதங்களை ஆயிரம் தடவை பார்த்திருப்பீர்கள், அதன் முன்னால் நின்று போட்டோவும் எடுத்திருப்பீர்கள். அடுத்த தடவை திரௌபதி ரதத்தின் கூரையைப் பாருங்கள். கல்லில் செதுக்கிய கூரை வீடு அது. பீம ரதத்தின் வளைந்த கூரை, மூங்கிலும் மரமும் வளைத்துக் கட்டிய கூரையின் நகல். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி, தச்சன் மரத்தில் செய்துகொண்டிருந்ததைக் கல்லில் காப்பி எடுத்திருக்கிறான். மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் கல்வெட்டு வெட்டி, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாகப் பெருமைப்பட்டான் என்றால், அதுவரை கோயில்கள் எதனால் கட்டப்பட்டன என்று தெரிகிறதல்லவா? மரம் மக்கிப்போனது, அதன் சாட்சி மட்டும் கல்லில் நிற்கிறது.

அந்தத் தச்சர்கள் கானாவிலிருந்தா கட்டை வரவழைத்தார்கள்?

இந்தக் கரையோரத்துக்கென்று மரங்கள் இருந்தன. பூவரசு: உப்புக்காற்றில் செழிக்கும், வண்டிச் சாமானுக்கும் வீட்டுச் சாமானுக்கும் ஆசாரிகளுக்குப் பிடித்த கட்டை. வேம்பு: கசப்பு இருப்பதால் பூச்சி லேசில் அண்டாது, நிலைக்கும் ஜன்னலுக்கும் போட்டார்கள். கருவேலம்: ஏர், வண்டிச் சக்கரம். இலுப்பை: கோயில் தேர். பலா: வீணை, மிருதங்கம். பனை: கூரைச் சட்டம். வாகை இருக்கிறதே, அதை வெள்ளைக்காரன் 'ஈஸ்ட் இண்டியன் வால்நட்' என்று பெயர் வைத்து வாங்கினான். இன்றைக்கு ஒரு ஷோரூமில் 'வால்நட் ஃபினிஷ்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய அட்டைப் பலகையை ஈ.எம்.ஐ.யில் வாங்குகிறோம். நிஜ வால்நட் சூளையில் எரிகிறது.

உடனே நீங்கள் கேட்பது புரிகிறது. "நாட்டு மரம் வளைஞ்சிடும் சார், வெடிச்சிடும் சார்." உண்மைதான். ஏன் வளைகிறது? பச்சையாக அறுத்துப் பச்சையாகக் கதவு போட்டால் எந்த மரமும் வளையும். மரம் காயும்போது நீளத்தில் அநேகமாகச் சுருங்காது, அகலத்தில் சுருங்கும். அதிலும் வளையத்தின் போக்கில் ஒரு மாதிரி, குறுக்கே ஒரு மாதிரி. இந்த இழுபறிதான் வளைசல். பழைய ஆசாரிகள் கட்டையைக் குளத்தில் மாசக்கணக்கில் ஊறப்போட்டார்கள். மாவுச்சத்து கரைந்து போகும், வண்டு வராது. பிறகு நிழலில் அடுக்கி, இடையில் குச்சி வைத்துக் காற்றாட விட்டார்கள். இன்றைக்கு அதைச் சூளை வைத்துச் சில வாரங்களில் செய்யலாம். வேம்பு இழைப்புளிக்கு முரண்டு பிடிக்கும். வாகைத் தூள் தும்மல் வரவழைக்கும். பூவரசு நேராக நீளமாகக் கிடைப்பது கஷ்டம். குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குறை தெரிந்து வேலை செய்வதற்குப் பெயர்தான் தச்சு.

மலேசியாவைப் பாருங்கள். ரப்பர் மரம் பால் வற்றியதும் ஒரு காலத்தில் வெறும் விறகுதான். பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். அவர்கள் போரான் மருந்து ஏற்றி, சூளையில் காயவைத்து, எண்பதுகளில் அதையே ஏற்றுமதி மேஜை நாற்காலி ஆக்கினார்கள். நம் வேம்பும் வாகையும் ரப்பர் மரத்தைவிடவா மட்டம்?

இப்போது என் படிப்புக்கு வேலை. இரண்டு கணக்கு.

முதல் கணக்கு, அளவு. உருண்டைக் கட்டையை நம் ஊரில் எப்படி அளக்கிறார்கள்? சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குகிறார்கள். பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன கணக்கு. நாலடிச் சுற்றளவு, பத்தடி நீளம் என்றால் பத்து கன அடி. நிஜத்தில் அந்த உருளைக்குள் இருப்பது 12.73 கன அடி. அறுக்கும்போது சேதாரம் போகுமே என்பது காரணம். போகட்டும். ஆனால் மரம் வளர்த்த விவசாயியிடம் வாங்கும்போது சேதாரத்தைக் கழித்து அளக்கிறோம். அறுத்த சட்டத்தை உங்களுக்கு விற்கும்போது 'அஞ்சுக்கு மூணு' என்று சொல்லி, இழைத்த பிறகு நாலே முக்காலுக்கு இரண்டே முக்கால் கொடுக்கிறோம். பதினைந்து சதுர அங்குலத்துக்குக் காசு. கையில் வருவது பதின்மூன்று சொச்சம். வளர்ப்பவனுக்கும் நஷ்டம், வாங்குபவனுக்கும் நஷ்டம்.

இரண்டாவது கணக்கு, வரி. ஜி.எஸ்.டி. பட்டியலில் விறகுக்கு வரி கிடையாது. அதே மரம் கட்டையாகவோ அறுத்த பலகையாகவோ ரசீது போட்டு விற்றால் 18 சதவீதம். ஏழையின் அடுப்புக்கு வரி வேண்டாம் என்பது நியாயம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு நல்ல வாகையை வெட்டியவருக்கு, அதைத் துண்டு போடுவதுதான் தொந்தரவில்லாத வழி என்று ஆகிவிட்டது. எங்கள் வாகை ஆறடிச் சுற்றளவு. நேரான தண்டு பத்தடி. கடைக் கணக்கில் 22.5 கன அடி. அறுவையில் பாதி போனாலும் பதினொரு கன அடி மிஞ்சும். ஒரு வாசல் நிலைக்கும் கதவுக்கும் எனக்கு ஆனது நாலரை கன அடி. அதாவது, இரண்டு வாசலுக்கான மரத்தை மூவாயிரம் ரூபாய் கைக்காசு கொடுத்து எரிக்கச் சொன்னேன். ஒரு வாசலுக்கான மரத்தை 11,250 ரூபாய்க்குக் கடல் கடந்து வரவழைத்தேன். பேலன்ஸ் ஷீட் எப்படி?

"மரமே வெட்டக்கூடாதுன்னு சொல்ல வேண்டிய பத்திரிகைக்காரன், கதவு செய்யச் சொல்றானே" என்று பசுமை நண்பர்கள் கோபப்படலாம். காட்டை வெட்டச் சொல்லவில்லை ஐயா. காட்டைக் காப்பாற்றியே ஆக வேண்டும். கூடலூர்க் காடு அழிவதைப் பார்த்து நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கக் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. வர்தா அடித்ததற்குச் சரியாக இருபது வருஷம் முன்னால். நல்ல தீர்ப்பு. ஆனால் அதன் பிறகும் நம் மர ஆசை குறையவில்லை. கானாவும் ஈக்வடாரும் கைகொடுத்தன. உலகத்திலேயே அதிகமாகத் தேக்குக் கட்டை இறக்குமதி செய்கிற நாடு என்று பெயர் வாங்கினோம். நம் காட்டைக் காப்பாற்றிவிட்டு அடுத்தவன் மண்ணை அறுவடை செய்தால், அதற்குப் பெயர் பசுமையா?

நான் பேசுவது காட்டு மரத்தைப் பற்றியல்ல. வீட்டுக் கொல்லையில், வரப்பில், ரோட்டோரத்தில் நின்று, புயலிலோ, சாலை விரிவாக்கத்திலோ, வயசாகியோ விழுகிற மரத்தைப் பற்றி. காய்ந்த மரத்தின் எடையில் பாதி கரி. எரித்தால் அன்றைக்கே ஆகாயத்துக்குப் போகும். கதவாக்கினால் உங்கள் பேரன் காலம்வரை வீட்டு வாசலில் நிற்கும். எது பசுமை?

மதுராந்தகம், செய்யூர் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சவுக்குத் தோப்பு. விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று நாலு வருஷத்தில் வெட்டினால் காசு. சாரம் கட்டவும், பந்தல் போடவும், காகித ஆலைக்கும் போகிறது. வாகையோ வேம்போ வைத்தால் இருபது வருஷம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தும் அவருக்குக் கிடைப்பது விறகு விலை என்றால், எந்தப் பைத்தியம் நடும்? ஆக, நாட்டு மரத்தை அழிப்பது கோடாலி மட்டுமில்லை. மரக்கடையில் நாம் சுளிக்கிற முகமும்தான்.

என்ன செய்யலாம்? திட்டிவிட்டுப் போவது சுலபம். நாலு விஷயம் கேட்கிறேன்.

ஒன்று: நெடுஞ்சாலைக்காகவோ புயலிலோ விழுகிற மரத்தை 'இத்தனை டன்' என்று குவியலாக ஏலம் விடாதீர்கள். இன்ன மரம், இன்ன சுற்றளவு, இன்ன நீளம் என்று பட்டியல் போட்டு, தச்சர்களையும் ஏலத்துக்குக் கூப்பிடுங்கள். விறகுக்காரர் கிளைகளை எடுத்துக்கொள்ளட்டும். தண்டு பட்டறைக்குப் போகட்டும்.

இரண்டு: மாவட்டத்துக்கு ஒரு பொது அறுவை மில், ஒரு காயவைக்கும் சூளை. தனி ஆசாரியால் இது முடியாது; கூட்டுறவால் முடியும். மாமல்லபுரத்தில் 1957-லிருந்து அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்து வருகிற பிள்ளைகளுக்கு உளி பிடிக்கத் தெரியும். அவர்கள் கைக்கு மரம் போய்ச் சேர வழி செய்யுங்கள். அரசு பள்ளிக்கூடக் கதவு, பெஞ்சில் ஆரம்பியுங்கள்.

மூன்று: வளர்த்தவருக்கு வெட்டும் உரிமை. விவசாய நிலத்து மரம் வெட்டுவதைச் சுலபமாக்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூனில் மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. அதை மாநிலங்கள் அலமாரியில் வைக்காமல் படிக்க வேண்டும். வெட்டுவதற்குப் பயமில்லாத இடத்தில்தான் நடுவதற்கு ஆசை வரும்.

நாலாவது உங்களுக்கு. 2021 ஜூனிலிருந்து தங்கத்துக்கு ஹால்மார்க் கட்டாயமாகத் தொடங்கியது. ஒரு மோதிரத்துக்கு முத்திரை பார்க்கிற நீங்கள், முப்பது வருஷம் நிற்க வேண்டிய கதவுக்கு என்ன பார்க்கிறீர்கள்? மரக்கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். இது என்ன மரம், எந்த நாட்டிலிருந்து வந்தது, எத்தனை நாள் காயவைத்தது? பதிலை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் கெட்டவர் இல்லை; கேட்காததால் சொல்லவில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவரே சொல்லுவார். வெள்ளையா வைரமா என்று அறுத்த முனையைப் பார்த்து வாங்குங்கள். உங்கள் கொல்லையில் மரம் விழுந்தால் விறகுக்காரருக்கு முன்னால் ஒரு ஆசாரிக்கு போன் போடுங்கள்.

நீங்கள் கேட்கலாம்: "ஆசாரிக்கு எங்கே போறது சார்?" நியாயமான கேள்வி. அதுதான் என் பயமும். கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் ஃபைபர் படகுகளே வந்து குவிந்தன. மீனவருக்கு அது வசதி, தப்பில்லை. ஆனால் கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் எந்தக் கட்டை எவ்வளவு மிதக்கும் என்று தட்டிப் பார்த்துச் சொல்லத் தெரிந்த கைகள் அதோடு ஓய்ந்து வருகின்றன. நிலம் பக்கமும் அதேதான் நடக்கிறது. மரம் திரும்ப நட்டால் வளரும். மரத்தைத் தெரிந்தவன் போனால் நடுவதற்கு விதை கிடையாது.

போன மாதம் என் வாசல் நிலையின் உளுத்த ஓரத்தை மாற்ற அதே ஆசாரியைத் தேடிப் போனேன். உடம்பு தளர்ந்திருந்தது. "கண்ணு சரியில்ல தம்பி, இழைப்புளி பிடிக்கிறதில்ல" என்றார். மகன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறாராம். பேரனைக் கூப்பிட்டு, திண்ணை மேல் சாத்தியிருந்த ஒரு துண்டை எடுத்து வரச் சொன்னார். பூவரசு. எட்டு வருஷமாகக் காய்கிறதாம். விரலால் தட்டினார்; கணீரென்று கேட்டது.

"இத வெச்சு ஒட்டுப் போடச் சொல்லுங்க. ஒங்க தேக்கு போனாலும் இது நிக்கும்."

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "அடுத்த தடவ மரம் விழுந்தா சொல்லி அனுப்புங்க, போதும்" என்றார்.

அவருக்குச் சொல்லி அனுப்ப எனக்கு இனி மரமில்லை. உங்கள் கொல்லையில் இருக்கிறதா?